புரோகிராமராக இருந்து டெக்னிகல் ஆர்ட்டுக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பொறியியல் முடித்து, சில ஆண்டுகள் நிரல் எழுதிவிட்டு, கேம் துறையில் டெக்னிகல் ஆர்ட்டிஸ்ட் (ஓவியருக்கும் புரோகிராமருக்கும் இடையே பாலமாக இருப்பவர்) ஆக விரும்பும் தம்பி தங்கைகள் தங்கள் வேலையை என்னிடம் காட்டுகிறார்கள். யார் வந்தாலும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கோப்புக்குப் பெயர் வைப்பது, காப்பு எடுப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை புரோகிராமருக்குத் தெரிந்தவைதான்.

ஷேடரின் வரிகளை எண்ணுவது

ஷேடர் என்பது திரையில் ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல். அதன் வரிகளை எண்ணுவதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு தம்பி ஒகேனக்கல் அருவியை யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் செய்திருந்தார். மடிக்கணினியில் அழகாகக் கொட்டிய அருவி, கைபேசியில் திக்கித் திணறியது. "அண்ணா, ஷேடரே பன்னிரண்டு வரிதான். இன்னும் எதைக் குறைப்பது?" என்றார். வாரக்கணக்கில் அந்த வரிகளையே செதுக்கியிருக்கிறார்.

கோளாறு சாரலில் இருந்தது. அரைகுறையாக ஒளி ஊடுருவும் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக முப்பது அடுக்கு வரை குவித்திருந்தார். 1920 × 1080 திரையில் 20,73,600 பிக்சல்கள். முப்பது அடுக்கும் திரையை நிறைத்தால், ஒரு ஃபிரேமுக்குள், அதாவது திரையில் தோன்றும் ஒரு படத்துக்குள், ஷேடர் ஆறு கோடி முறைக்கு மேல் ஓட வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் அதற்குக் கிடைப்பது 16.6 மில்லி நொடி. தாளின் ஓரத்தில் கண்ணுக்கே தெரியாத வெற்றுப் பகுதிக்கும் அதே செலவுதான். ஒரே பிக்சலை இப்படித் திரும்பத் திரும்ப வரைவதற்குப் பெயர் ஓவர்டிரா.

அடுக்குகள் கூடும் இடத்தை வெளுப்பாகக் காட்டும் ஓவர்டிரா காட்சியைத் திறந்தோம். அருவியின் அடிவாரம் கண் கூசும்படி வெளுத்திருந்தது. விழும் நீரை ஒளி ஊடுருவாத மெஷ்ஷாக்கி (முப்பரிமாண வடிவம்) அதன்மேல் டெக்ஸ்சரை (மேற்பரப்பில் ஒட்டும் படம்) நகரவிட்டோம். சாரலைச் சில தாள்களோடு நிறுத்தி, வெற்று ஓரங்களை வெட்டினோம். கைபேசி தடையின்றி ஓடியது. சாரல் ஷேடரில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. முதலில் அளந்து பாருங்கள். கை வைப்பது பிறகு.

எல்லா டெக்ஸ்சரையும் நிறமாக நினைப்பது

மேடுபள்ளத்தைச் சொல்லும் நார்மல் மேப்பும் சொரசொரப்பைச் சொல்லும் ரஃப்னஸ் மேப்பும் நிறமல்ல, வெறும் எண்கள். 'இது நிறப் படம்' என்று எஞ்சினுக்குச் சொல்லும் எஸ்ஆர்ஜிபி குறியை எடுக்காவிட்டால் ரஃப்னஸில் 0.5 என்பது 0.21 ஆகிவிடும், சொரசொரப்பான பாறை, நனைந்ததுபோல் பளபளக்கும்.

காவிரியை நீலமாக்குவது

புதுவெள்ளம் செம்மண் நிறம். நேரில் போய்ப் பாருங்கள்.

ஓவியரைக் கேட்காமல் கருவி எழுதுவது

அரை நாள் அவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து சலித்துப்போகிறார் என்று கவனித்த பிறகு பைத்தானைத் தொடுங்கள். நீங்கள் வியக்கும் கருவி அவருக்குத் தேவைப்படாமலே போகலாம்.

அலகு பாராமல் மாடலை ஏற்றுவது

யூனிட்டியில் ஓர் அலகு ஒரு மீட்டர். இன்னொரு எஞ்சினான அன்ரியலில் ஒரு சென்டிமீட்டர்.