போலந்துச் சிற்றூரின் பெயர்க்காரணத்தைத் துலக்குவது எப்படி?

போலந்தில் ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. அதனால் எந்த ஊரைத் தேடுகிறோம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பெயரோடு மாவட்டத்தையும் மாகாணத்தையும் சேர்த்தே குறிக்க வேண்டும். 1975 முதல் 1998 வரை 49 மாகாணங்கள் இருந்தன. 1999 முதல் 16தான். பழைய வரைபடத்தில் மாகாணப் பெயர் வேறாக இருந்தால் குழம்ப வேண்டாம்.

விஸ்துலா ஆற்றின் வலக்கரையில், லுப்லின் மாகாணத்தின் புவாவி மாவட்டத்தில் இருக்கும் காஸிமியெஷ் டோல்னியை எடுத்துக்கொள்வோம்.

பெயரைத் தொடுமுன் நிலத்தைப் பாருங்கள். மேட்டு நிலத்தை ஆறு அறுத்துக்கொண்டு போகும் இடம் இது. சரிவுகளில் சுண்ணாம்புப் பாறை, அதன்மேல் காற்று கொண்டுவந்து சேர்த்த மென்மையான வண்டல், அதை மழைநீர் அரித்துண்டான ஆழமான ஓடைப்பள்ளங்கள். சுற்றுவட்டாரத் தானியம் இங்கே களஞ்சியங்களில் சேர்ந்து, ஆற்றுவழியே கடான்ஸ்க் துறைமுகத்துக்குப் போனது. சந்தைச் சதுக்கத்தில் 1615-இல் எழும்பிய, சிற்பம் நிறைந்த பிஷிபிவா வீடுகள் அந்த வணிகப் பணத்தில் வந்தவை.

இனி பெயரைப் பிரியுங்கள். 'டோல்னி' என்றால் கீழ், அதாவது ஆற்றின் கீழ்ப்போக்கில் இருப்பது. மேற்போக்கில் கிராக்கோவுக்குப் பக்கத்தில் 1335-இல் இன்னொரு காஸிமியெஷ் உருவானதால் இந்த அடைமொழி தேவைப்பட்டது. முன்பாதி ஆள்பெயர். யார் அவர்? போலந்தின் மாமன்னர் மூன்றாம் காஸிமியெஷ் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் அவர் பிறந்ததே 1310-இல். ஊர்ப்பெயரோ 1249-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே வந்துவிட்டது. உண்மையில் பெயருக்கு உரியவர் 1194-இல் இறந்த இளவரசர் இரண்டாம் காஸிமியெஷ். 'காற்று மலை' என்ற பொருளில் வியெட்ஷ்னா கூரா எனப்பட்ட இந்தக் குடியிருப்பை அவர் கிராக்கோவின் நார்பர்ட்டின் சபைக் கன்னித்துறவியருக்குக் கொடுத்தார்; அவர்கள் அவர் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். எந்த ஊரானாலும் பெயர் முதன்முதலில் எழுத்தில் வந்த ஆண்டைக் கண்டுபிடித்து, சொல்லப்படும் கதையின் பக்கத்தில் வையுங்கள். பாதிக் கதைகள் அங்கேயே விழுந்துவிடும்.

அடுத்து நகர உரிமை, அதாவது நகரம் என்ற சட்டத் தகுதி. தன்னை எதிர்த்த 1863 எழுச்சிக்குத் தண்டனையாக ரஷ்ய ஆட்சி ஏராளமான ஊர்களின் நகர உரிமையைப் பறித்தது. காஸிமியெஷ் டோல்னி 1869-இல் இழந்தது, 1927-இல்தான் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட காலத்து ஏடுகளில் அதை நகரப் பட்டியலில் தேடினால் அகப்படாது; 'ஒஸாடா', அதாவது குடியிருப்பு என்ற வகையில் பாருங்கள். 1868 தொடங்கி ரஷ்ய ஆட்சி நீடித்தவரையிலான பிறப்பு, இறப்புப் பதிவுகள் ரஷ்ய மொழியில் இருக்கும். யூதக் குடும்பங்கள் தங்கள் இத்திஷ் மொழியில் எழுதிய நினைவேடுகளில் இதே ஊர் 'குஸ்மிர்'. இந்தப் பெயரில் தேடாவிட்டால் ஊரின் பெரும்பகுதி மக்களையே விட்டுவிடுவோம்.

கடைசியாக வேற்றுமை உருபு. 'காஸிமியெஜா' என்று பார்த்தால் அது 'காஸிமியெஷின்' என்றும் இருக்கலாம்; கிராக்கோவுக்கு வடகிழக்கிலுள்ள காஸிமியெஜா வியெல்கா என்ற வேறு ஊராகவும் இருக்கலாம். 'இல்' உருபோடு வரும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள்: சொல் 'யூ' (u) எழுத்தில் முடிந்தால் காஸிமியெஷ், 'ஒய்' (y) எழுத்தில் முடிந்தால் மற்றது.