தூண்டில் வேட்டையைத் தனி ஆளாகப் போனில் எடுப்பது எப்படி?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் காட்டு வேட்டை குற்றம். சென்னையில் இருக்கிற நமக்குத் தூண்டில் வேட்டை இருக்கிறது. முட்டுக்காடு, கோவளம், எண்ணூர் என்று தண்ணீருக்கும் குறைவில்லை. கூட வர ஆளில்லாமல், கையில் ஒரு போனோடு முதல்முறை வீடியோ எடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முந்தின இரவே போனில் இடத்தைக் காலி செய்யுங்கள். 1080பி, நொடிக்கு 30 ஃபிரேம் போதும். 4கே வைத்தால் மெமரி சீக்கிரம் நிரம்பும், வெயிலில் போனும் சீக்கிரம் சூடாகும். கரைக்குப் போனதும் ஏரோபிளேன் மோட். பவர் பேங்க் மறக்க வேண்டாம்.

2. இதுதான் முக்கியம்: இரண்டு கையும் தூண்டிலுக்கே. மீன் கவ்வியபின் பாக்கெட்டில் இருந்து போனை எடுத்தால் மீனும் போகும், காட்சியும் போகும். கொடுவா மீன் மாட்டினால் தண்ணீருக்கு மேலே எம்பி, வாயை அகலத் திறந்து தலையை உதறும். அந்த நேரத்தில் தூண்டில் நரம்பு கொஞ்சம் தளர்ந்தாலும் முள் கழன்றுவிடும். ஆகவே கவ்வும்போது பதிவு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கழுத்தில் மாட்டும் ஹோல்டர் கிடைக்கிறது. ஆனால் நீங்கள் திரும்பும்போதெல்லாம் படமும் ஆடும். ஆரம்பத்தில் டிரைபாடே நல்லது. உங்களுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால், இடுப்பு உயரத்தில் வையுங்கள். நீங்கள், ராடின் நுனி, இரை விழுந்த இடம் மூன்றும் ஒரே படச் சட்டத்துக்குள் வர வேண்டும். மணலில் கால்களைப் புதைத்து, நடுவில் மணல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டால் காற்றுக்குச் சாயாது.

காத்திருக்கும் நேரம் முழுக்க ஒரே பதிவாக ஓட விடாதீர்கள். ஐந்து நிமிடத் துண்டுகளாக எடுத்து, ஒன்றும் நடக்காத துண்டை அங்கேயே அழித்துவிடுங்கள்.

3. நமக்குச் சூரியன் கடலில் உதிக்கிறது. காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் நீங்கள் கருப்பு நிழலாகத்தான் தெரிவீர்கள். கரையின் நீளவாக்கில் போனைத் திருப்பி, வெளிச்சம் பக்கத்தில் இருந்து விழும்படி வையுங்கள். திரையில் உங்கள் முகம் வரும் இடத்தை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். அலை மின்னும்போதெல்லாம் படம் மாறி மாறி இருளாது. மாலையில் வெயில் முதுகுப் பக்கம் வந்துவிடும், கடல் நிறம் அப்படியே பதியும்.

4. உப்புக்காற்று லென்ஸில் மெல்லிய படலமாகப் படியும். படம் பால் கலந்த மாதிரி மங்கினால் காரணம் அதுதான். சட்டை நுனியால் தேய்க்காதீர்கள், கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றி எடுத்து, பிறகு உலர்ந்த துணி.

5. காற்றிரைச்சலுக்கு, பஞ்சு உறை போட்ட சிறிய காலர் மைக். மீன் இழுக்கும்போது நரம்பு சுற்றிய ரீல் கிர்ர் என்று கத்துவது கேட்டால்தான் பார்க்கிறவருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

6. நெருக்கக் காட்சிகளை மீன் வராத நேரத்தில் எடுங்கள்: இறாலை வால் பக்கமிருந்து முள்ளில் கோர்ப்பது, முடிச்சை எச்சில் தொட்டு இறுக்குவது. புதிதாகக் கற்கிறவர்கள் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது இவற்றைத்தான்.

7. மீனைக் காட்டும்போது கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல் வெட்டும், கவனம். திரும்ப விடப்போகும் மீனென்றால் தண்ணீரோரமாகவே காட்டி உடனே விடுங்கள். இன்னொரு டேக் வேண்டாம்.

8. ஜனவரி முதல் மார்ச் வரை பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரைகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். இரவில் ஃபிளாஷ், டார்ச் எதுவும் கூடாது. வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி நகரும்.

9. துறைமுக எல்லைக்குள் அனுமதியில்லாமல் கேமராவை எடுக்காதீர்கள். பக்கத்தில் வலை பின்னுகிறவர் படச் சட்டத்துக்குள் வந்தால், “அண்ணே, வீடியோல நீங்களும் தெரியுறீங்க, பரவாயில்லையா?” என்று முதலிலேயே கேளுங்கள். வேண்டாம் என்றால் டிரைபாடை நகர்த்திவிடுங்கள்.