பழைய லேண்ட் ரோவரில் அலுமினிய ரிவெட் அடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேண்ட் ரோவர் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகு தட்டுப்பாடாக இருந்ததால், அதன் உடலின் பெரும்பகுதி பர்மாபிரைட் என்னும் அலுமினிய-மக்னீசியக் கலவைத் தகட்டால் செய்யப்பட்டது. பின்பகுதித் தொட்டியின் விளிம்புகளில் நாகப்பூச்சு பூசிய எஃகுப் பட்டைகளை வைத்துச் சிறு ரிவெட்டுகளால் (ஒரு முனையில் தலையுள்ள உலோகத் தண்டுகள்; மறுமுனையை அடித்து இன்னொரு தலை உருவாக்கப்படும்) இணைத்தார்கள். அந்த வண்டிகளைப் புதுப்பிப்பவர்கள் அந்த ரிவெட்டுகளைக் கையால் அடிக்க முற்படும்போது, கைப்பழக்கம் போதாததால்தான் தலை கோணுகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில், ரிவெட் நன்றாக அமையுமா என்பது பெரும்பாலும் சுத்தியலை எடுப்பதற்கு முன்பே, துளையிலும் தண்டின் நீளத்திலும் அடியில் கொடுக்கும் தாங்கலிலும் முடிவாகிவிடுகிறது.

முதல் தவறு துளையில் நேர்கிறது. அடிபடும்போது ரிவெட்டின் தண்டு பருத்துத் துளையை முழுவதும் நிரப்ப வேண்டும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நகராமல் இருப்பதற்கு அந்த நிரப்பும் ஒரு முக்கியக் காரணம். 3.2 மி.மீ. ரிவெட்டுக்குத் துளை ஏறத்தாழ 3.3 மி.மீ. இருந்தால் போதும். எளிதாக நுழையட்டும் என்று 3.5 மி.மீ. ட்ரில்லைப் போட்டால், தண்டு பருப்பதற்கு முன் வளையத் தொடங்கிவிடும். துளையின் நடுப்புள்ளி தகட்டின் ஓரத்திலிருந்து ரிவெட் விட்டத்தின் இரு மடங்காவது தள்ளியிருக்க வேண்டும். அதைவிட நெருங்கினால் விளிம்பு உப்பி, பின்னர் கிழியும். இரண்டு தகடுகளையும் சேர்த்துத் துளையிட்ட பிறகு, அவற்றைப் பிரித்து, பிசிறை நீக்கி, இடையில் சிக்கிய துகள்களைத் துடைத்துவிட்டே மீண்டும் சேர்க்க வேண்டும். சோம்பலால் இந்த ஒரு வேலையைத் தவிர்ப்பவர்கள் அதிகம். தகடுகளுக்கிடையே ஒரு துகள் இருந்தாலும் இடைவெளி மிஞ்சும். பருக்கும் தண்டு அந்த இடைவெளிக்குள் பிதுங்கித் தகடுகளை மேலும் பிரித்துவிடும்.

தண்டின் நீளத்தைக் கண்மதிப்பில் வெட்டுவது அடுத்த தவறு. தகடுகளின் மொத்தத் தடிப்புக்கு மேல், விட்டத்தின் ஒன்றரை மடங்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது நம்பத்தக்க கணக்கு. 1.2 மி.மீ. அலுமினியத் தகடும் 1.5 மி.மீ. எஃகுப் பட்டையும் சேரும் இடத்தில், 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 2.7 உடன் 4.8 சேர்த்து 7.5 மி.மீ. தண்டு தேவை. நீளம் கூடினால் தண்டு சாய்ந்து படுத்துவிடும். குறைந்தால் தலை மெலிந்து, அடிக்கும் கருவி தகட்டிலேயே வளையத் தழும்பு பதிக்கும். வெட்டிய முனை சாய்வாக இருந்தாலும் தண்டு சாயும் என்பதால், அரத்தால் அதைச் சதுரமாக்கிக்கொள்வது நல்லது.

தாங்கலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஆலையில் உருவான உருண்டைத் தலையைச் சமதளமான இரும்பின்மேல் வைத்து அடித்தால், வெளியே தெரியும் அந்த அழகிய தலை தட்டையாகிவிடும். அதற்குப் பிறகு எத்தனை வண்ணம் பூசினாலும் அது மறையாது. தலையின் வடிவுக்குப் பொருந்தும் குழி வெட்டிய டாலி, அதாவது அடியில் தாங்கலாகப் பிடிக்கும் இரும்புக் கட்டி, வேண்டும். அது சுத்தியலைவிடத் தெளிவாகக் கனமாக இருக்க வேண்டும். இலேசான டாலி ஒவ்வோர் அடிக்கும் துள்ளும். அடியின் விசை ரிவெட்டுக்குப் போகாமல் தகட்டை நெளிக்கும். டாலியை ஒருவர் பிடிக்க மற்றவர் அடிப்பதே பெரிய தகடுகளுக்கு ஏற்றது.

அடிப்பதற்கு முன், துளையுள்ள குழல்கருவியைத் தண்டின்மேல் நுழைத்து ஒரு தட்டுத் தட்டித் தகடுகளை நெருக்கிவிட வேண்டும். பிறகு நேராக விழும் சில உறுதியான அடிகளால் தண்டைப் பருக்கச் செய்து, கடைசியில் ஸ்னாப் (முனையில் தலை வடிவக் குழியுள்ள கருவி) வைத்துப் புதிய தலைக்கு வடிவம் கொடுக்க வேண்டும். பயந்து பயந்து பல சிற்றடிகள் கொடுப்பது பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அலுமினியம் அடிபட அடிபட இறுகி, தலையின் விளிம்பில் வெடிப்பு விடும். தூய அலுமினிய ரிவெட் இறுகிப்போயிருந்தால், சோப்பைத் தடவிச் சூடாக்கி, சோப்பு கருக்கத் தொடங்கியதும் நிறுத்தலாம். அலுமினியம் உருகுவதற்கு முன் செந்நிறம் காட்டாது என்பதால் வெறுங்கண்ணால் சூட்டை மதிப்பிடுவது வீண். தாமிரம் கலந்த ரிவெட்டுகளின் வலிமை வெப்பப் பதப்படுத்தலில் வருவது. அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது.

எஃகும் அலுமினியமும் சேரும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியமே அரிக்கப்படும். ஆகவே டூராலாக் போன்ற இணைப்புப் பசையைப் பூசாமல் மூடக் கூடாது. அவசரத்துக்காகப் பாப் ரிவெட்டை (உள்ளிருக்கும் ஊசியை ஒரு பக்கத்திலிருந்தே இழுத்து இறுக்கும் குழல் ரிவெட்) போடுவதும் எனக்கு உடன்பாடில்லை: உள்ளே தங்கும் எஃகு ஊசி துருப்பிடிக்கும், முதலில் திண்ம ரிவெட் இருந்த இடத்தில் அதன் தோற்றமும் பொருந்தாது.

கெட்டுப்போன ரிவெட்டை அகற்றும்போது தண்டு முழுவதையும் துளைத்துக்கொண்டு போகக் கூடாது. தலையின் ஆழத்துக்கு மட்டும் நடுவில் துளைத்து, தலையைப் பெயர்த்து, பின்புறம் தாங்கல் கொடுத்துத் தண்டைத் தட்டி வெளியேற்ற வேண்டும். அப்படியும் துளை அகன்றுவிட்டால் அடுத்த அளவான 4 மி.மீ. ரிவெட்டுக்குப் போகலாம், ஆனால் அதற்கு ஓரத்திலிருந்து 8 மி.மீ. இடம் மிஞ்சியிருக்கிறதா என்று முதலில் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.