127 டிகிரி காட்டும் கணினி: சென்சார் அளவீடுகளைச் சரிபார்ப்பது எப்படி?

கண்காணிப்பு மென்பொருள் ஒன்றை முதன்முறையாக நிறுவித் திறந்தவுடன், நீண்ட எண் பட்டியலின் நடுவே "ஆக்ஸ்டின் 3: 127 டிகிரி" என்று ஒரு வரி சிவப்பில் தென்பட்டால், புதியவர் எவருடைய கையும் முதலில் போவது கணினியை அணைக்கும் பொத்தானுக்குத்தான். நானும் ஒருமுறை அப்படி அணைத்திருக்கிறேன். கூலரைக் கழற்றி, வெப்பத்தைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசி, எல்லாவற்றையும் மாட்டி மறுபடி திறந்து பார்த்தபோதும் அந்த 127 ஒரு டிகிரிகூட இறங்காமல் அங்கேயே நின்றது. அந்த எண்ணுக்குப் பின்னால் சென்சாரே இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே உண்மையான எண்ணையும் வெற்று எண்ணையும் பிரித்தறியும் வழியை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், எண் எங்கிருந்து வருகிறது?

பிராசசருக்குள்ளேயே வெப்பநிலை சென்சார்கள் உண்டு. அவற்றின் மதிப்பை மென்பொருள் பிராசசரிடமிருந்தே நேரடியாகப் படிக்கிறது. மதர்போர்டின் வெப்பநிலை, மின்னழுத்தம், விசிறி வேகம் ஆகியவை வேறு வழியாக வருகின்றன. நூவோட்டான், ஐ.டி.இ. போன்ற நிறுவனங்கள் தயாரிக்கும் சூப்பர் ஐ.ஓ. என்ற சிறிய சிப் ஒன்று மதர்போர்டில் இருக்கும். அதன் கால்களில் (பின் எனப்படும் இணைப்பு முனைகளில்) வந்து சேரும் மின்னழுத்தத்தையும் துடிப்புகளையும் அது எண்ணாக மாற்றித் தருகிறது. எந்தக் காலில் எதை இணைப்பது என்பதை மதர்போர்டை வடிவமைத்தவரே முடிவு செய்கிறார் என்பதால், சிப்புக்கு அந்த விவரம் எதுவும் தெரியாது. ஒரு காலில் எதையுமே இணைக்காமல் விட்டிருந்தாலும் சிப் அதற்கும் ஓர் எண்ணைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மென்பொருளை எழுதியவரிடம் உங்கள் மதர்போர்டு மாதிரிக்கான விவரம் இல்லையென்றால், சிப்பின் கையேட்டில் உள்ள "ஆக்ஸ்டின் 3" போன்ற பொதுவான பெயரை ஒட்டி அந்த எண்ணை அப்படியே காட்டிவிடுவார். தவறான அளவீடுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

படி 1: ஒரே ஒரு மென்பொருளை மட்டும் ஓட விடுங்கள்

எச்.டபிள்யூ.இன்ஃபோ, லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர், மதர்போர்டுடன் வந்த நிறுவன மென்பொருள், வண்ண விளக்குகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் என நான்கும் ஒரே நேரத்தில் பின்னணியில் ஓடும் கணினிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். சூப்பர் ஐ.ஓ. சிப்பிடம் எண்ணைக் கேட்பது இரண்டு கட்டமாக நடக்கும் வேலை: எந்தப் பதிவகம் (சிப்புக்குள் ஓர் எண் இருக்கும் சிறு இடம்) வேண்டும் என்று முதலில் எழுத வேண்டும், பிறகு அதன் மதிப்பைப் படிக்க வேண்டும். முதல் மென்பொருள் விசிறியின் பதிவகத்தைக் கேட்டுவிட்டுப் படிக்கப் போவதற்குள், இரண்டாவது மென்பொருள் இடையில் புகுந்து வெப்பநிலையின் பதிவகத்தைக் கேட்டுவிட்டால், முதலாவது வெப்பநிலை எண்ணை விசிறி வேகம் என்று நினைத்துக் காட்டும். இந்த மோதலைத் தவிர்க்க ஒருவருக்கொருவர் வழிவிடும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் எல்லா மென்பொருள்களும் அதைப் பின்பற்றுவதில்லை.

மோதல் நடக்கிறது என்பதற்கு அடையாளம், நன்றாக ஓடும் எண்களுக்கு நடுவே ஒரு நொடி மட்டும் விசிறி நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்குத் தாவுவதும், வெப்பநிலை திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து மீள்வதும் ஆகும். ஒன்றைத் தவிர மற்றவற்றைப் பணிப்பட்டையின் மூலையில் உள்ள சின்னங்களிலிருந்தும் முழுமையாக மூடி, கணினியை மறுதொடக்கம் செய்து, அரை மணி நேரம் கவனியுங்கள். "அதிகபட்சம்" என்ற நெடுவரிசையில் ஒரே ஒருமுறை பதிந்த பொய் எண், நீங்கள் அழிக்கும் வரை அங்கேயே இருக்கும் என்பதால், சோதனையைத் தொடங்கும்போது அந்த நெடுவரிசையை மீட்டமைக்க மறக்காதீர்கள்.

படி 2: பயாஸில் காட்டும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

கணினியைத் தொடங்கும்போது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸை உங்கள் மதர்போர்டுக்கு ஏற்ப அமைத்தது மதர்போர்டு நிறுவனமே. எந்தக் காலில் எது இருக்கிறது என்பது அதற்குத் தெரியும். ஆகவே பயாஸுக்குள் சென்று, அங்கே பெயருடன் காட்டப்படும் வெப்பநிலைகள், மின்னழுத்தங்கள், விசிறி வேகங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பயாஸில் மூன்றே வெப்பநிலைகள் இருக்க, மென்பொருள் ஒன்பது காட்டினால், மீதி ஆறில் சில வெறுங்கால்களாக, அதாவது எதுவும் இணைக்கப்படாத கால்களாக, இருக்க வாய்ப்பு அதிகம்.

பயாஸில் பிராசசரின் வெப்பநிலை, விண்டோஸில் சும்மா இருக்கும்போது காட்டுவதைவிட அதிகமாக இருப்பது இயல்பு. பயாஸ் திரையில் பிராசசர் தன் ஆற்றல் சேமிப்பு நிலைகளுக்குள் செல்வதில்லை. எனவே அந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் குற்றமாகக் கொள்ள வேண்டாம்.

படி 3: வெப்பநிலையை அசைத்துப் பாருங்கள்

அசையவே அசையாத எண்ணை நம்பாதீர்கள். 127, மைனஸ் 128, 255 ஆகியவை சும்மா வந்த எண்கள் அல்ல. எட்டு பிட்டில் கூட்டல், கழித்தல் குறியுடன் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 127, மிகச்சிறியது மைனஸ் 128. குறியில்லாமல் எழுதினால் மிகப்பெரியது 255. சென்சார் இல்லாத கால், அளவுகோலின் இந்த ஓரங்களில் ஏதாவது ஒன்றில் போய் ஒட்டிக்கொள்வது வழக்கம். சில வெறுங்கால்கள் ஓரத்துக்குப் போகாமல் 80, 95 என்று பார்க்க நம்பும்படியான எண்ணைக் காட்டும். ஏமாற்றுவதில் இவையே கெட்டிக்காரத்தனமானவை.

இவற்றைப் பிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கணினியைப் பத்து நிமிடம் சும்மா விட்டு எண்களைக் குறியுங்கள். பிறகு ஒரு பெரிய காணொளிக் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றும் வேலையைக் கொடுத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி குறியுங்கள். பிராசசருக்குள் இருக்கும் சென்சார் வேலை தொடங்கிய ஓரிரு நொடிகளில் குதித்து ஏறும். வேலையை நிறுத்தினால் அதே வேகத்தில் இறங்கும். மதர்போர்டில் இருக்கும் சென்சார் மெதுவாக, நிமிடத்துக்கு ஒரு டிகிரி இரண்டு டிகிரி என்று ஏறி, மெதுவாகவே ஆறும். வேலை கொடுத்தாலும் நிறுத்தினாலும் ஒரே இடத்தில் நிற்பது, அல்லது வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஆடுவது, வெறுங்கால்.

அளவுக்கு மீறிய குளிர்ச்சியும் பிழைதான். காற்றால் குளிரூட்டப்படும் எந்தப் பாகமும் அறையின் வெப்பநிலையைவிடக் கீழே போக முடியாது. அறை 30 டிகிரியில் இருக்கும்போது பிராசசர் 22 டிகிரி என்று காட்டினால், நல்ல கூலர் வாங்கிவிட்டோம் என்று மகிழ வேண்டாம்; கணக்கு எங்கோ தவறியிருக்கிறது. இன்டெல் பிராசசர்களின் உள் சென்சார், எத்தனை டிகிரி என்று சொல்வதில்லை. அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்பநிலைக்கு இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் இருக்கிறது என்றே சொல்கிறது. மென்பொருள் டி.ஜே.மேக்ஸ் எனப்படும் அந்த உச்ச எண்ணிலிருந்து மிச்சத்தைக் கழித்துக் காட்டுகிறது. உச்சம் 100 ஆக இருக்க மென்பொருள் 90 என்று எடுத்துக்கொண்டால், எல்லா அளவீடுகளும் பத்து டிகிரி குறைவாகவே வரும். மேலும், அந்தச் சென்சார் உச்சத்துக்கு அருகில் துல்லியமாக இருக்கும்படி அமைக்கப்பட்டது. தாழ்ந்த வெப்பநிலையில் சில டிகிரி பிசகுவது அதன் இயல்பு.

ஏ.எம்.டி. தரப்பில் இதற்கு நேரெதிரான குழப்பம் நடந்தது. ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகிய பிராசசர்கள் விசிறிக் கட்டுப்பாட்டுக்காக, உண்மையான வெப்பநிலையுடன் 20 டிகிரியைக் கூட்டியே தெரிவித்தன. 2700எக்ஸில் அது 10 டிகிரி. அந்த விவரம் அறியாத பழைய மென்பொருள், சும்மா இருக்கும் கணினியையே 60 டிகிரிக்கு மேல் காட்டும். இரண்டு நிறுவனங்களின் விஷயத்திலும் தீர்வு ஒன்றுதான்: மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவுவது.

படி 4: மின்னழுத்தத்தை மல்டிமீட்டருடன் ஒப்பிடுங்கள்

பவர் சப்ளை தர வேண்டிய மூன்று முக்கிய அழுத்தங்களும் பொதுவாக ஐந்து சதவீதம் வரை கூடவோ குறையவோ அனுமதி உண்டு. அதாவது 12 வோல்ட், 11.40 முதல் 12.60 வரை இருக்கலாம். 5 வோல்ட், 4.75 முதல் 5.25 வரை, 3.3 வோல்ட், ஏறத்தாழ 3.14 முதல் 3.47 வரை. மென்பொருள் 12 வோல்ட்டுக்கு நேராக 8.06 என்று காட்டுகிறது, கணினியோ எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், பவர் சப்ளையைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். உண்மையிலேயே 8 வோல்ட்தான் வருகிறதென்றால் அந்தத் திரையே உங்கள் முன் எரிந்துகொண்டிருக்காது.

சூப்பர் ஐ.ஓ. சிப்பால் 12 வோல்ட்டை நேரடியாகத் தாங்க முடியாது. பல சிப்களின் அளவுகோல் ஏறத்தாழ 2 வோல்ட்டிலேயே முடிந்துவிடும். எனவே மதர்போர்டில் இரண்டு மின்தடைகளைக் கொண்டு அழுத்தத்தைப் பங்கிட்டு, ஒரு சிறு பகுதியை மட்டும் காலுக்கு அனுப்புகிறார்கள். மென்பொருள் அதை மறுபடி பெருக்கி 12 ஆக்க வேண்டும். பெருக்கும் எண் தவறானால் விடையும் தவறும்.

சரிபார்க்க, மல்டிமீட்டரை நேர்மின் அழுத்தத்துக்கு, 20 வோல்ட் அளவில் வையுங்கள். பயன்படாமல் தொங்கும் பழைய நான்கு முனை மோலக்ஸ் இணைப்பில் கறுப்பு முனையை மீட்டரின் கறுப்புக் கம்பியாலும், மஞ்சளைச் சிவப்புக் கம்பியாலும் தொடுங்கள்; இரண்டு கம்பி முனைகளும் ஒன்றோடொன்று உரசிவிடக் கூடாது. மஞ்சளில் 12, சிவப்பு வயரில் 5 வர வேண்டும். பவர் சப்ளையின் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். மின்னிணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

மீட்டர் 12.09 காட்டி, மென்பொருள் 8.06 காட்டினால், விகிதம் ஒன்றரை. இத்துடன் நிறுத்தாமல், கணினிக்குக் கனமான வேலை கொடுத்து மறுபடி பாருங்கள். மீட்டர் 11.97க்கு இறங்கும்போது மென்பொருளும் 7.98க்கு இறங்கினால் விகிதம் அதேதான், எச்.டபிள்யூ.இன்ஃபோவில் அந்த வரியின் தனிப்பயன் அமைப்பில் 1.5 என்று பெருக்கும் எண்ணைக் கொடுத்துவிடலாம். விகிதம் மாறிக்கொண்டே இருந்தால் அது 12 வோல்ட் காலே அல்ல. பெருக்கிச் சரிசெய்ய முயல்வது வீண். மைனஸ் 12 வோல்ட் என்ற வரி பொருந்தாத எண்ணைக் காட்டினால் நான் கண்டுகொள்வதே இல்லை. இன்றைய பல மதர்போர்டுகள் அதை அளப்பதே கிடையாது.

படி 5: சுற்றும் விசிறி பூஜ்யம் காட்டினால்

முதல் சோதனைக் கருவி கண்தான். விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவில்லையென்றாலும் பழுது என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் பல கிராஃபிக்ஸ் கார்டுகள் வெப்பம் குறைவாக இருக்கும்போது விசிறியைத் தாமாகவே நிறுத்தி வைக்கின்றன. சுற்றியும் பூஜ்யம் காட்டினால் வயர்களை எண்ணுங்கள். வேகத்தைத் தெரிவிப்பது மூன்றாவது வயர். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு துடிப்புகள் அதில் வருகின்றன. இரண்டே வயர் உள்ள விசிறியும், பவர் சப்ளையிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் விசிறியும் வேகத்தைத் தெரிவிக்க வழியே இல்லை. ஒரே இணைப்பிலிருந்து இரண்டு விசிறிகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் கேபிளில், ஒரு விசிறியின் வேக வயர் மட்டுமே மதர்போர்டு வரை செல்லும்படி விடப்பட்டிருப்பது வழக்கம்.

பழைய கணினிகளில் இன்னொரு காரணமும் உண்டு. பழைய கண்காணிப்புச் சிப்கள் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை 255க்கு மேல் போகாத ஓர் எண்ணியால் (கவுன்ட்டரால்) அளந்து, 13,50,000ஐ அந்த எண்ணாலும் ஒரு வகுப்பானாலும் வகுத்து வேகத்தைச் சொல்லின. வகுப்பான் 2 ஆக இருந்தால், அளக்கக்கூடிய மிகக் குறைந்த வேகம் ஏறத்தாழ 2,647 சுற்று. அதைவிட மெதுவாகச் சுற்றும் அமைதியான விசிறி பூஜ்யமாகவே தெரியும். வகுப்பானை 8 ஆக்கினால் 662 சுற்று வரை தெரியும்.

படி 6: எண்களே வராவிட்டால்

மென்பொருளை நிர்வாகி உரிமையுடன் திறந்தீர்களா என்று முதலில் பாருங்கள். அதன் பிறகும் வெறுமையாக இருந்தால், அது நம்பியிருக்கும் டிரைவரை (வன்பொருளுடன் பேச உதவும் சிறு மென்பொருளை) விண்டோஸ் தடுத்திருக்கலாம். பல கண்காணிப்பு மென்பொருள்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த வின்ரிங்0 என்ற டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால், 2025இல் விண்டோஸ் டிஃபெண்டர் அதைத் தடுக்கத் தொடங்கியது. நேற்று வரை ஓடிய மென்பொருள் திடீரென்று குருடாகிப் போனதற்குப் பலருக்கும் இதுவே காரணம். பாதுகாப்பை அணைத்துவிட்டு டிரைவரை உள்ளே விடுமாறு சொல்லும் அறிவுரைகளை ஏற்காதீர்கள். வேறு டிரைவருக்கு மாறிவிட்ட புதிய பதிப்பு இருக்கிறதா என்று தேடுவதே சரியான வழி. மடிக்கணினியில் விசிறி வேகம் மட்டும் இல்லையென்றால், அதை நிர்வகிக்கும் தனிக் கட்டுப்பாட்டுச் சிப்பை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைப்பதே காரணம். மெய்நிகர் கணினிக்குள் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிக்குள்) தேடினால் எதுவும் கிடைக்காது.

லினக்ஸ் பயனர்கள் எல்.எம்.சென்சார்ஸ் தொகுப்பின் கண்டறியும் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் பெரும்பாலும் போதும். கர்னல் தரும் கோப்புகளை நேரடியாகப் படிப்பவர்கள், 45000 என்றால் 45 டிகிரி என்பதையும், அந்தக் கோப்புறைகளின் வரிசை எண் மறுதொடக்கத்தில் மாறலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

படி 7: பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்

வெறுங்கால் என்று உறுதியான வரிகளை வலது சொடுக்கில் மறைத்துவிடுங்கள். அடையாளம் தெரிந்தவற்றுக்கு உங்களுக்குப் புரியும் பெயரை இடுங்கள். ஒன்றை மட்டும் எந்நாளும் மறைக்காதீர்கள்: வெப்பத்தால் பிராசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டதா என்பதை "ஆம்", "இல்லை" என்று காட்டும் வரி. அது மதர்போர்டு சிப்பின் ஊகம் அல்ல, பிராசசரே தன்னைப் பற்றிச் சொல்வது. அங்கே "ஆம்" என்று வந்து, வேலையின்போது கடிகார வேகமும் கூடவே விழுந்தால் கணினியை அணையுங்கள். இப்போது கூலரைக் கழற்றலாம். கழற்றியதும் பேஸ்ட்டைப் பார்ப்பதற்கு முன், கூலரின் அடிப்பரப்பில் ஒட்டி வந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமலே இருக்கிறதா என்று பாருங்கள்.