கழுத்து வலி போன விதம்

வேலையில் சேர்ந்த புதிதில், மடிக்கணினியில் வேலை பார்த்து மாலையானால் பின்கழுத்து இரும்பாகக் கனக்கும். தைலம் தேய்த்தால் இரவு தாங்கும். விடிந்தால் பழைய குருடி கதவைத் திறடி. வலிக்குக் காரணம் மடிக்கணினியின் அமைப்பிலேயே இருக்கிறது. திரையும் விசைப்பலகையும் ஒட்டியே இருப்பதால், கைக்கு வாகாக வைத்தால் தலை குனிய வேண்டும். கண்ணுக்கு வாகாக உயர்த்தினால் தோள் ஏறிக்கொள்ளும். இரண்டையும் பிரிப்பதே வழி. அதனால் முதல் சம்பளத்தில் தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கினேன். தடித்த புத்தகங்களை அடுக்கி, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்வரை உயர்த்தினேன். முழங்கை ஏறத்தாழ 90 டிகிரியில் மடங்க, தோள் தானாகத் தளர்ந்தது. பாதம் தரையில் முழுதாகப் பதிகிறதா என்றும் பாருங்கள். சில வாரங்களில் வலி விட்டது. கை மரத்துப்போனால் மட்டும் இதை நம்பியிராமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.