ஃபைட்டர் மீனுக்குக் கண் வீங்கினால்

மருந்து வாங்கச் சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூருக்குக் கிளம்பும் முன் மீனை நேர் மேலிருந்து பாருங்கள். ஒரு கண் பிதுங்கியிருக்கிறதா, இரண்டுமா? வைத்தியம் இதில்தான் பிரிகிறது. ஒன்று என்றால் பெரும்பாலும் அடிபட்டதுதான்: கூரான கல், பிளாஸ்டிக் செடி, கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தோடு சண்டை. இரண்டும் என்றால் தண்ணீர் கெட்டிருக்கும், இல்லையேல் உடலுக்குள் கிருமி புகுந்திருக்கும். செதில்களும் சிலிர்த்து நின்றால் பிழைப்பது அரிது.

அடுத்து பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். கண்ணின் மேல்பரப்பில் வெள்ளைப் படலம் தெரிந்தால் மீன் கழிவால் தண்ணீரில் சேரும் அம்மோனியாவோ கீறலோ காரணம், குணமாகும். கண்மணிக்கு உள்ளே வெண்மை என்றால் புரை. அதற்கு மருந்து இல்லை. டிராகன் ஸ்கேல் வகையில் பளபளப்பான செதிலே கண்ணை மூடி வளரும். அது நோய் அல்ல, உப்புப் போட்டு வதைக்காதீர்கள். தீனியை எப்போதும் ஒரே மூலையில் போட்டால் பழகிக்கொள்ளும்.

படலத்துக்குத் தண்ணீர்தான் மருந்து. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா கொஞ்சம் காட்டினாலும் அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு ஒரு வாரம் தினமும் கால் பங்கு. குளோரின் போக மெட்ரோ வாட்டரை அகலமான பக்கெட்டில் 24 மணி நேரம் திறந்து வையுங்கள், அல்லது ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள். கேன் தண்ணீர் மட்டும் ஊற்றினால் தாது குறைந்து பிஎச் (அமில, கார அளவு) நிலைக்காது. லாரித் தண்ணீர் லோடுக்கு லோடு மாறும். கொஞ்சம் கொஞ்சமாகவே கலக்க வேண்டும்.

வீக்கத்துக்கு எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்). கல்லுப்பு இந்த வேலையைச் செய்யாது. மருந்துக் கடையில் வாசனையும் நிறமும் சேர்க்காததாகக் கேளுங்கள். கல், செடி எதுவும் இல்லாத டப்பில் பாதி தொட்டித் தண்ணீர், பாதி குளோரின் போன புதுத் தண்ணீராக 5 லிட்டர் எடுங்கள். அரை டீஸ்பூன் உப்பை டம்ளரில் கரைத்து, ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தவணையாக ஊற்றுங்கள். குதிக்கும் மீன், மேலே வலை கட்டுங்கள். மேலே வந்து காற்றுக் குடிக்கும் என்பதால் இறுக மூடக் கூடாது. தினமும் 2.5 லிட்டர் மாற்றும்போது கால் டீஸ்பூன் மட்டும் சேருங்கள். பலர் தவறுவது இங்கேதான்: மறுபடி அரை டீஸ்பூனே போட்டால் உப்பு நாளுக்கு நாள் ஏறி மீன் சோர்ந்துவிடும்.

வீக்கம் வற்ற வாரக்கணக்கில் ஆகலாம். கண்ணை அழுத்தவோ குத்தவோ கூடவே கூடாது. ஐந்து நாளில் துளியும் குறையாமல், மற்ற கண்ணும் பிதுங்கினாலோ தீனி எடுக்காவிட்டாலோ ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். நமக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ மாதவரம் மீன்வளப் பல்கலைக்கழக வளாகத்திலோ கேளுங்கள். போகும்போது தொட்டித் தண்ணீரைத் தனி பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள்.