சிஎஸ்ஏவில் கை வைக்கும் முன்: மெயின்ஃப்ரேம் பொது நினைவகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் வங்கி டேட்டா சென்டர் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கச்சிகளுக்கு நான் முதலில் சொல்லித் தருவது சிஎஸ்ஏ (காமன் சர்வீஸ் ஏரியா) எனும் பொது நினைவக இடத்தைப் பற்றித்தான். மெயின்ஃப்ரேமை இயக்கும் இசட்/ஓஎஸ்ஸில், ஓடும் வேலைக்கு ஒதுக்கப்படும் ஒவ்வொரு அட்ரஸ் ஸ்பேசுக்கும் தனி இடம் உண்டு, ஆனால் சிஎஸ்ஏவும், இயங்குதளம் பயன்படுத்தும் எஸ்கியூஏவும் எல்லாருக்கும் ஒரே முகவரியில் தெரியும் பொது இடம். அங்கே நீங்கள் செய்யும் பிழை, சம்பந்தமே இல்லாத ஏடிஎம் வேலையையும் சாய்த்துவிடும்.

இருப்பதிலேயே மோசமான தவறு, எஸ்0சி4 (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டதால் வரும் பிழை) வந்ததும் கீ 0க்கு மாறி அதை அடக்கப் பார்ப்பது. 4 கேபி ஃப்ரேம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 15 வரை ஒரு ஸ்டோரேஜ் கீ உண்டு. எழுத வரும் நிரலின் கீ (பிஎஸ்டபிள்யூ எனும் செயலி நிலைப் பதிவில் இருப்பது) அதோடு பொருந்தாவிட்டால் வன்பொருளே தடுத்துவிடும். கீ 0க்கு இந்தத் தடை கிடையாது. தப்பான பாயிண்டர் அப்படியேதான் இருக்கும், இப்போது அது சத்தமில்லாமல் யாருடைய கன்ட்ரோல் பிளாக்கையோ (கணினி தன் வேலைக்கு வைத்திருக்கும் தகவல் தொகுப்பு) அழித்துவிட்டுப் போகும், அப்புறம் டம்ப்பை (பிழை நேரத்து நினைவகப் பதிவு) எவ்வளவு நேரம் புரட்டினாலும் யார் எழுதியது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பொது இடத்தை, சாதாரண நிரல்கள் ஓடும் கீ 8இல் எடுப்பதும் கூடாது. அங்கீகாரம் இல்லாத சாதாரண நிரல்கூட அதில் எழுதலாம். இசட்/ஓஎஸ் 2.4 முதல் அதற்கு அனுமதியே இல்லை. பழைய மென்பொருள் கட்டாயம் கேட்டால் ஆர்யூசிஎஸ்ஏ (அனுமதி பெற்றவர்கள் மட்டும் தொடக்கூடிய பொது இடம்) இருக்கிறது, அதையும் தற்காலிகமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ரகசியத் தகவலை சப்பூல் (நினைவகத்தின் வகை எண்) 241இல் வைக்காதீர்கள், அதற்கு ஃபெட்ச் பாதுகாப்பு இல்லை, யாரும் படிக்கலாம். 231இல் உண்டு.

ஜாப் முடிந்தால் எல்லாம் விடுபடும் என்று நினைக்கிறார்கள். தனி இடம் விடுபடும், சிஎஸ்ஏ விடுபடாது. ஜாப் பிழையால் பாதியில் நின்று அபெண்ட் ஆனாலும் திருப்பித் தரும்படி மீட்பு ரொட்டீன் எழுதுங்கள், டயக் மெம்பர் எனும் அமைப்புக் கோப்பில், நினைவகக் கணக்கைக் கவனிக்கும் விஎஸ்எம் டிராக்கை இயக்கி வையுங்கள், கசிந்தது யாருடையது என்று அது காட்டிக்கொடுக்கும். எஸ்கியூஏ தீர்ந்தால் சிஎஸ்ஏவிலிருந்து எடுத்துக்கொள்ளும், சிஎஸ்ஏ தீர்ந்தால் எஸ்கியூஏ கை கொடுக்காது.

சரி, சிஎஸ்ஏவையே பெரிதாக்கிவிடலாமே என்றால், நினைவக முகவரியில் 16 எம்பி கோட்டுக்குக் கீழே அதைக் கூட்டினால் எல்லா அட்ரஸ் ஸ்பேசின் தனி இடமும் 1 எம்பி கணக்கில் சுருங்கும், அதற்கும் ஐபிஎல் (கணினியின் மறுதொடக்கம்) வேண்டும். முடிந்ததையெல்லாம் கோட்டுக்கு மேலே உள்ள சிஎஸ்ஏவான ஈசிஎஸ்ஏவில் வையுங்கள். ஹரி ராயா, தீபாவளி நெரிசலுக்கு முன்பே ஆர்எம்எஃப் (கணினிப் பயன்பாட்டை அளக்கும் கருவி) அறிக்கையில் பயன்பாடு ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.